டாக்டர் பட்டத்துக்கு வளையலை அடகு வைக்கணுமா?

முழங்கால் வலி பற்றிப் போட்ட பதிவுக்கு நலம் விசாரித்த எல்லோருக்கும் நன்றி. இன்று கோபத்தோடு எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பழைய மாணவி ஒருத்தி அம்பத்தூர் வீட்டுக்கு வந்தாள். ஆறாம் வகுப்பில் என்னிடம் பின்னக் கணக்கு படித்த பெண். இப்போது பூந்தமல்லி பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு எடுக்கிறாள். பகுதி நேரமாகக் கணிதத்தில் பி.எச்.டி., ஆறாவது வருடம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "டீச்சர், தீசிஸ் எழுதி முடிச்சிட்டேன். ஆனா ஜர்னல்ல ரெண்டு பேப்பர் வந்தாத்தான் சப்மிட் பண்ண விடுவாங்க. ஒண்ணு வந்துடுச்சு. இன்னொண்ணு நல்ல ஜர்னல்ல பதினாலு மாசமா கிடக்கு. இருபத்தெட்டாயிரம் கட்டினா ஏழு நாள்ல போடறோம்னு வேற ஒரு ஜர்னல்காரன் மெயில் அனுப்புறான். வளையலை வெச்சிடலாமான்னு பாக்கறேன்."

"வைக்காதே கண்ணு" என்று சொல்லி அனுப்பினேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

நான் டாக்டர் பட்டம் வாங்கியவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த செகண்டரி கிரேடு டீச்சர். உனக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். விதியை வாசிக்கத் தெரியும். யு.ஜி.சி. 2022 நவம்பரில் கொண்டுவந்த பி.எச்.டி. விதிமுறையைப் பேரனை விட்டு இறக்கச் சொல்லி, கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தேன்.

12 கிரெடிட்டுக்குக் குறையாத பாடங்கள், அதில் 55 சதவீதம். குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு, நீட்டிப்பு இரண்டு, பெண்களுக்கு மேலும் இரண்டு. தீசிஸை வழிகாட்டியும் வெளியார் இரண்டு பேராவதும் படித்து மதிப்பிட வேண்டும். பிறகு வாய்மொழித் தேர்வு. 2016 விதியில், தீசிஸ் கொடுக்கும் முன் ஜர்னலில் ஒரு பேப்பர், கருத்தரங்கில் இரண்டு என்ற கட்டாயம் இருந்தது. 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது டெல்லியில். இங்கே பல இடங்களில் "எங்கள் விதி" என்று அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பேப்பர் கேட்காவிட்டால் தரம் போய்விடும் என்கிறார் ஆவடியில் இருக்கும் எங்கள் கொழுந்தனார். தரம் பார்க்கத்தானே வெளியிலிருந்து இரண்டு பேரை வைக்கிறீர்கள்? அவர்கள் தீசிஸைப் புரட்டாமல் கையெழுத்துப் போடுகிறார்கள் என்றால் அவர்களைக் கேளுங்கள். அதற்குப் பதில் பிள்ளைகளைக் காசு வாங்கும் ஜர்னல்காரனிடம் தள்ளுவது என்ன நியாயம்?

அதிலும் கணிதம். ஒரு நிரூபணத்தில் ஒரு வரி தப்பானால் மொத்தமும் சரியும். அதனால் பரிசீலிப்பவர் ஒவ்வொரு வரியாக நடந்து பார்த்தாக வேண்டும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆவது சாதாரணம். ஏழு நாளில் ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்தால் யாரும் வாசிக்கவில்லை என்று அர்த்தம். பொறுமையாகச் சரியான ஜர்னலுக்கு அனுப்பியவள் காத்திருக்கிறாள், காசு கட்டியவன் டாக்டர் ஆகிவிடுகிறான். இதுவா தரம்?

நம் ராமானுஜனைப் பாருங்கள். எஃப்.ஏ. தேறாதவர். முதல் கட்டுரை 1911-ல் இந்தியக் கணிதக் கழக இதழில் வந்தது. புரியும்படி எழுதுங்கள் என்று இதழாசிரியர் நாராயண ஐயங்கார் திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பிய பிறகுதான் அச்சேறியது. வாசிப்பது என்றால் அது. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சிக்கான பி.ஏ. கொடுத்தது. பி.எச்.டி. அங்கே வருவதற்கு முன் இருந்த பட்டம். சேர்வதற்கே முன் படிப்புச் சான்று வேண்டும் என்ற விதியை அவருக்காகத் தளர்த்தினார்கள். அதற்கு ஆதாரமாக நின்றது, நிறைய வகுஎண்கள் கொண்ட எண்களைப் பற்றிய நீண்ட கட்டுரை. (12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு. அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. பழக்கதோஷம், பாடம் எடுத்துவிட்டேன்.) அவரும் பேப்பர் போட்டாரே என்பீர்கள். போட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்துப் பட்டம் கொடுத்தார்கள்.

சொந்தக்காரர்களுக்கு ஒன்று. கல்யாண வீட்டுப் பந்தியில் "இன்னும் முடிக்கலையா?" என்று அந்தப் பெண்ணை இனி கேட்காதீர்கள். 2023 ஜூலை 1 முதல் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட், செட், ஸ்லெட் இதில் ஒன்று போதும், பி.எச்.டி. கட்டாயமில்லை என்று யு.ஜி.சி.யே சொல்லிவிட்டது. அவள் செட் தேறியவள். ஆனாலும் கல்லூரி நெருக்குகிறது. நாக், என்.ஐ.ஆர்.எஃப். படிவத்தில் டாக்டர்களின் எண்ணிக்கை காட்ட வேண்டுமாம். எண்ணிக்கை அவர்களுக்கு, அடகுச் சீட்டு இவளுக்கு.

என்னிடம் படித்தவர்களில் மூன்று பேர் இன்று பி.எச்.டி. வழிகாட்டிகள். பெயர் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்திலோ கல்விக் குழுவிலோ இந்த இரண்டு பேப்பர் விதியை எடுக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். கொடுத்ததும் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை தூங்குவேன், அந்த நேரம் மட்டும் வேண்டாம்.