நம் பெயரில் ஸ்பேனர்: லாபம் நமக்கு, பொறுப்பு யாருக்கு?



இரும்புச் சாமான், மோட்டார் உதிரிப்பாகம், கைக்கருவி வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்களிடையே அண்மைக்காலமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. "ஸ்பேனர், கட்டிங் பிளையர், சாக்கெட் செட் எல்லாவற்றிலும் உங்கள் கடைப் பெயரையே அடித்துத் தருகிறோம். அட்டைப்பெட்டியிலும் உங்கள் பெயர்தான். விலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக்கொண்டு பிரதிநிதிகள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். பெயர் பெற்ற கம்பெனிச் சரக்கில் கிடைக்கும் கழிவு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வரும் வேளையில் இந்தப் பேச்சு காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஏற்பதா, மறுப்பதா என்று பல உறுப்பினர்கள் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். மொத்த வியாபாரத்தில் இரண்டு வகைச் சரக்கையும் பல்லாண்டுகளாகக் கையாண்டு வருகிறவர்கள் என்ற முறையில் எங்கள் கருத்தை இங்கே வைக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கடைப் பெயரில் கருவி விற்பது கேவலமான காரியம் அல்ல. உலகத்திலேயே பெரிய பெயர் எடுத்த கருவிகளில் ஒன்று ஒரு கடையின் பெயர்ச் சரக்குதான். அமெரிக்காவில் சியர்ஸ் என்ற பெரிய கடைக்காரர்கள் 1927-ஆம் ஆண்டு "கிராப்ட்ஸ்மேன்" என்ற பெயரை 500 டாலர் கொடுத்து வாங்கினார்கள். சியர்ஸ் தாமே ஸ்பேனர் அடித்தவர்கள் அல்லர். வெவ்வேறு தொழிற்சாலைகளில் செய்வித்து, அந்தப் பெயரைப் பொறித்து விற்றார்கள். ஆனால் ஒரு வாக்குறுதி கொடுத்தார்கள். கருவி உடைந்தால் கடைக்குக் கொண்டுவா, ரசீது வேண்டாம், கேள்வி கிடையாது, புதியது தருகிறோம் என்றார்கள். அப்பன் வாங்கிய ஸ்பேனரை மகன் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம் என்ற அளவுக்கு அந்த வாக்கு நம்பப்பட்டது.

அதே நாட்டில் 1920-இல் தோன்றிய ஸ்நாப்-ஆன் வேறு வழியில் போனது. ஐந்து கைப்பிடி, பத்து சாக்கெட், இவற்றை மாற்றி மாற்றிப் பொருத்தினால் ஐம்பது கருவிகளின் வேலை நடக்கும் என்பதுதான் அவர்களுடைய முதல் சரக்கு. அவர்கள் மெக்கானிக்கைக் கடைக்கு வரச் சொல்லவில்லை. வேனில் சரக்கை ஏற்றிக்கொண்டு பட்டறை வாசலுக்கே போனார்கள். விலை பல மடங்கு. ஆனால் வாரத் தவணை உண்டு. பழுதானால் அடுத்த வாரம் வேன் வரும்போதே மாற்றிக்கொள்ளலாம். வேலை நிற்காமல் பிழைப்பவனுக்கு அந்த விலை கட்டுப்படியாயிற்று.

இரண்டு பேரும் வெற்றி பெற்றார்கள். ஒருவர் வீட்டுக்காரரையும் சிறு பட்டறைக்காரரையும் பிடித்தார். மற்றவர் முழுநேர மெக்கானிக்கைப் பிடித்தார். சரக்கு வேறு, விலை வேறு. ஆனால் விற்றவர் பின்னால் நின்றார் என்பது இரண்டிலும் ஒன்று. நாம் கவனிக்கவேண்டியது இதைத்தான்.

உலோகத்தில் என்ன வேற்றுமை?

பளபளப்பில் வேற்றுமை தெரியாது. குரோம் முலாம் எந்த இரும்பின் மேலும் ஏறும். வேற்றுமை உள்ளே இருக்கிறது. நல்ல ஸ்பேனர் குரோம் வனேடியம் போன்ற கலப்பு எஃகில், பழுக்கக் காய்ச்சி அச்சில் அடித்து உருவாக்கப்பட்டு, பிறகு பதம் ஏற்றப்பட்டது. நம் ஊர்க் கொல்லுப்பட்டறையில் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துப் பதம் ஏற்றுவதை அறிவோம் அல்லவா? அதே கதைதான். பதம் குறைந்தால் வாய் விரிந்துபோகும். மிகுந்தால் பட்டென்று உடையும். கட்டிங் பிளையரில் வெட்டும் முனை ஸ்பேனரைவிட மிகக் கடினமாக இருக்கவேண்டும். கைப்பிடிப் பகுதி அத்தனை கடினமாக இருக்கக்கூடாது. ஒரே துண்டில் இரண்டு பதம். இதற்குச் செலவு பிடிக்கும். மலிவுச் சரக்கில் முதலில் வெட்டப்படுவது இந்தச் செலவுதான்.

அடுத்தது அளவு. 17 எம்.எம். ஸ்பேனரின் வாய் 17-ஐவிட மயிரிழை கூடுதலாக இருந்தால்தான் நட்டில் ஏறும். அரை எம்.எம். கூடிவிட்டாலோ நட்டின் மூலை மழுங்கிப்போகும். அழுத்தித் திருகும்போது ஸ்பேனர் வழுக்கினால் மெக்கானிக்கின் விரல் முட்டி போய் சேசிஸில் மோதும். அவன் பத்து ரூபாய் நட்டை இழப்பான். இரண்டு நாள் கூலியையும் இழப்பான். நம் கடையின் பெயரைச் சொல்லி வைவான்.

ஆகையால் வாங்குகிறவர் யார் என்று கேட்காமல் கருவியை எடுத்துப் போடுவது தவறு. வீட்டில் ஆண்டுக்கு நான்கு முறை குழாய் நட்டைத் திருகுகிறவருக்கு உயர்ந்த விலைச் சரக்கைத் தலையில் கட்டுவதும் நாணயமான வியாபாரம் அல்ல. அவருக்குக் கடைப் பெயர்ச் சரக்கே போதும். தொழில் பழகும் பையன், கையில் இருக்கும் காசுக்கு மலிவான முழு செட் ஒன்று வாங்கி, எது அடிக்கடி பயன்பட்டுத் தேய்கிறதோ அதை மட்டும் நல்ல சரக்காக மாற்றிக்கொள்வதும் புத்திசாலித்தனமே. ஆனால் லாரிப் பட்டறையில் நாள் முழுதும் நிற்கும் மெக்கானிக்குக்கு 10, 12, 13, 14, 17 அளவு ஸ்பேனர்களும் ராட்செட்டும் கட்டிங் பிளையரும் சோறு போடும் கருவிகள். அவற்றில் சிக்கனம் பார்க்கச் சொல்லி நாம் தூண்டக்கூடாது. ஸ்நாப்-ஆன் விலைக்குப் போகத் தேவையில்லை. நாசிக்கில் செய்யப்படும் டபாரியா போன்ற நம் நாட்டுச் சரக்கே கோடிக்கணக்கான கைகளில் புழங்கிப் பெயர் வாங்கியிருக்கிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

நாம் வியாபாரிகள். கணக்குப் பார்க்காமல் பேசக்கூடாது. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். கம்பெனி ரிங் ஸ்பேனர் செட் கொள்முதல் 1,000 ரூபாய், விற்பனை 1,120 என்று வைத்துக்கொள்வோம். நூறு செட் விற்றால் லாபம் 12,000. கடைப் பெயர்ச் செட் கொள்முதல் 400, விற்பனை 600 என்றால் நூறு செட்டுக்கு லாபம் 20,000. முதலீடும் ஒரு லட்சத்துக்குப் பதில் நாற்பதாயிரம்தான். இனி, கடைப் பெயர்ச் சரக்கில் நூற்றுக்கு எட்டு செட் திரும்பி வருகிறது, எட்டையும் கேள்வி கேட்காமல் மாற்றித் தருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு 3,200. அப்போதும் 16,800 ரூபாய் மிஞ்சுகிறது. நூற்றுக்கு இருபது செட் திரும்பினால்தான் கம்பெனிச் சரக்கின் லாபத்துக்குச் சமமாகிறது.

இதிலிருந்து என்ன விளங்குகிறது? கடைப் பெயர்ச் சரக்கில் கிடைக்கும் அதிக லாபம், உடைந்ததை மாற்றித் தருவதற்கான பணத்தையும் சேர்த்தே நம் கையில் கொடுக்கிறது. அதையும் லாபம் என்று எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, "விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பலகை மாட்டுகிறவர், வாடிக்கையாளருடைய பணத்தைத் தம் பணமாக நினைத்துக்கொள்கிறார் என்றே சொல்லவேண்டும்.

கணக்கில் ஏறாத நட்டமும் உண்டு. உடைந்த ஸ்பேனரைக் கொண்டுவந்து சண்டை போடுகிறவர் நமக்கு நல்லவர். கொண்டுவராமல் குப்பையில் எறிந்துவிட்டு, மறுநாள் முதல் ஆயில், பேரிங், பெல்ட் எல்லாவற்றையும் அடுத்த கடையில் வாங்கப் போகிறவர்தான் பெரிய நட்டம். இன்றைக்கு அவருக்கு அடுத்த தெரு வரை போகும் வேலையும் இல்லை. கையில் இருக்கும் கைபேசியே கடை.

இன்னொன்று, கம்பெனிச் சரக்கு தேங்கினால் வேறு வியாபாரியிடமாவது தள்ளிவிடலாம். நம் பெயர் பொறித்த சரக்கை யார் வாங்குவார்? எங்களிடம் கொள்முதல் செய்யும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் தம் பெயரில் கட்டிங் பிளையர் செய்வித்தார். மாதிரி நன்றாக இருந்தது. முதல் இரண்டு லாட்டும் நன்றாக இருந்தன. மூன்றாம் லாட்டில் வெட்டுமுனை ஈயம்போல நசுங்கியது. செய்து கொடுத்தவரிடம் கேட்டால், எஃகு விலை ஏறிவிட்டது என்று பதில். அறுநூறு பிளையர் அவர் கிடங்கில் தூங்குகிறது. அவர் அவற்றை விற்கவில்லை. அதனால்தான் இன்றும் அவர் கடையில் கூட்டம் இருக்கிறது.

சட்டமும் நம்மைத்தான் பார்க்கிறது

பலர் அறியாத ஒரு செய்தி. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வேறொருவர் செய்த பொருளின் மேல் தம் சொந்தக் குறியைப் பொறிப்பவரும் "உற்பத்தியாளர்" என்றே கருதப்படுவார். செய்தவர் எங்கோ இருக்கலாம். உற்பத்திக் குறைபாட்டால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் நட்டஈட்டுக்குப் பதில் சொல்ல நம்மையும் அழைக்கலாம். சொந்தப் பிழைப்புக்காகக் கருவி வாங்கும் மெக்கானிக்கும் நுகர்வோர்தான்; வணிக நோக்கம் என்று சொல்லி அவரைத் தள்ளிவிட முடியாது. பொட்டலத்தின் மேல் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் தெரிவிக்கவேண்டிய இடம் எல்லாம் அச்சிடவேண்டும் என்ற சட்டமுறை எடையளவு விதிகளும் நினைவில் இருக்கட்டும்.

குறிப்பாக மின்வேலைக் கருவிகளில் விளையாடவேண்டாம். கைப்பிடியில் சிவப்பு பிளாஸ்டிக் உறை மாட்டியதெல்லாம் மின்காப்பு ஆகிவிடாது. 1,000 வோல்ட் வேலைக்கென ஐ.இ.சி. 60900 என்ற தரத்தில் சோதித்த கருவிகள் தனி. அந்தச் சோதனைச் சான்று இல்லாத பிளையரில் நம் கடைப் பெயரை அடித்து எலெக்ட்ரீஷியனிடம் கொடுப்பது ஓர் உயிரோடு பந்தயம் கட்டுவதாகும்.

என்ன செய்யலாம்?

எங்கள் யோசனைகள் இவை. ஒன்று, பெயர் அடிக்க ஒப்புக்கொள்ளும் முன் வெர்னியர் வைத்து வாயளவைப் பாருங்கள். பிளையரால் கடினமான ஸ்பிரிங் கம்பியை நாலைந்து முறை வெட்டிவிட்டு, வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். முனையில் பள்ளம் விழுந்து வெளிச்சம் ஒழுகினால் அந்தச் சரக்கு வேண்டாம். இரண்டு, மாதிரியை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், ஒவ்வொரு லாட்டிலும் நாலைந்து உருப்படியை எடுத்துச் சோதியுங்கள். தரம் குறைந்தால் முழு லாட்டும் திரும்ப எடுக்கப்படும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று, பெயர் பெற்ற கம்பெனியின் எழுத்தையும் நிறத்தையும் ஒத்த பெயரை ஒருபோதும் ஏற்காதீர்கள். அது வியாபாரமல்ல, திருட்டு. வணிகச் சின்னச் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. நான்கு, வாடிக்கையாளரிடம் "வீட்டுக்கா, பட்டறைக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்கப் பையன்களைப் பழக்குங்கள். ஐந்து, மாற்றித் தருவோம் என்ற வாக்கைப் பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள். அச்சிடத் தைரியம் இல்லையென்றால் அந்தச் சரக்கில் பெயர் போடாதீர்கள்.

பட்டறை வாடிக்கையாளர்களை விட்டுவிடவும் வேண்டாம். வாரா வாரம் வேனில் போய்த் தவணை வாங்குவது அமெரிக்கருக்குப் புதிய வித்தையாக இருந்திருக்கலாம். சனிக்கிழமை சனிக்கிழமை பட்டறைக்காரரிடம் போய்ப் பற்று எழுதி வரவு வைப்பது நமக்கு வழக்கமான காரியமே. நல்ல சாக்கெட் செட் ஒன்றை எட்டு வாரத் தவணையில் நம்பிக்கையான மெக்கானிக்குக்குக் கொடுக்க நம்மால் முடியும். முகம் தெரியாமல் பார்சல் அனுப்புகிறவர்களால் அது முடியாது.

சியர்ஸ் கதையின் முடிவையும் சொல்லவேண்டும். பிற்காலத்தில் அவர்கள் பல கருவிகளின் தயாரிப்பை மலிவான இடங்களுக்கு மாற்றினார்கள். பழைய வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். கடையும் வேறு பல காரணங்களால் நொடித்தது. 2017-இல் கிராப்ட்ஸ்மேன் பெயரை ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 90 கோடி டாலருக்கு விற்றார்கள். 2018 அக்டோபரில் சியர்ஸ் திவால் மனு கொடுத்தது. 500 டாலருக்கு வாங்கிய ஒரு சொல், கடை சாயும் நேரத்திலும் அவ்வளவு விலை போனது. ஸ்பேனர் இரும்பு அந்த விலை போகாது. உடைந்ததை மாற்றிக் கொடுத்துக் கொடுத்துச் சேர்த்த நம்பிக்கைக்குத்தான் அந்த விலை.

நம் கடைப் பெயர்கள் பெரும்பாலும் நம் தகப்பனார் பெயர், குலதெய்வத்தின் பெயர், ஊரின் பெயர். அவற்றை எந்த இரும்பின் மேல் பொறிக்கிறோம் என்பதை லாபத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. சோதித்து, மாற்றித் தரத் துணிந்து, தாராளமாகப் பொறிக்கலாம். துணிவு இல்லையேல் கம்பெனிச் சரக்கையே குறைந்த லாபத்தில் விற்பது மேல். சிறு கடைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து சரக்கைச் சோதிக்க நம் சங்கம் ஓர் ஏற்பாடு செய்தால் பெரும் உதவியாக இருக்கும். செயற்குழு இதைப் பரிசீலிக்க வேண்டுகிறோம். மாற்றுக் கருத்து உடைய உறுப்பினர்களும் தம் அனுபவத்தை இதழுக்கு எழுதினால் எல்லோருக்கும் பயன்படும்.