குறைகுடம்

2019 ஜூன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் ஏறக்குறைய வற்றி, "ஏங்க, லாரி வந்துடுச்சு!" என்று மனைவி என்னை எழுப்பிய காலம். வீட்டுக்காரரின் பழைய சைக்கிளை இரவல் வாங்கினேன்.

முதல் நாள் ஒரே குடம். 15 லிட்டர், அதாவது 15 கிலோ. கேரியரில் ஒரு பக்கமாகத் தொங்கவிட்டு ஏறினால், சைக்கிள் எதிர்வீட்டுக் கோலத்தைப் பார்க்கப் போய்விட்டது. டெபிட் இருந்தால் கிரெடிட் வேண்டாமா? பி.காம். படித்தவனுக்கு மறுநாள்தான் உறைத்தது. இடப்பக்கம் எங்கள் நீலக் குடம், வலப்பக்கம் கீழ்வீட்டுப் பாட்டியின் பச்சைக் குடம்.

கேரியர் மேல் ஏற்றுவதைவிட, சக்கர அச்சுக்குப் பக்கத்தில் தாழத் தொங்கவிட்டால் ஆட்டம் குறைவு. ஆனாலும் பாரமெல்லாம் பின்னால், முன்சக்கரம் இலவம்பஞ்சு. ஹேண்டில்பார் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். சிந்துமே என்று அரைக்குடம் பிடித்தீர்களோ, போச்சு! திருப்பத்தில் தண்ணீர் உள்ளே புரண்டு நம்மையும் புரட்டும். 'குறைகுடம் கூத்தாடும்' என்றவர் சத்தியமாக சைக்கிள் வைத்திருந்தவர்.

நாலாம் நாள், ஸ்பீடு பிரேக்கரில் கயிறு அறுந்து பச்சைக் குடம் ரோட்டில் உருண்டது. மிச்ச தூரம் தள்ளிக்கொண்டே வந்தேன். வாசலில் பாட்டி.

"என்னப்பா, என் குடம் காலியா இருக்கு?"

"இதோ பாட்டி" என்று நீலத்திலிருந்து பச்சைக்கு முழுசாக ஊற்றினேன். நிமிர்ந்தால், பால்கனியில் மனைவி.

"ஏங்க, அந்த நீலக் குடம் நம்முதுதானே?"