பச்சோந்திக்குக் கொஞ்சம் மண்

ரொறொன்ரோவில் வசிக்கும் என் அக்காவின் மகள் சில மாதங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய மகன் ஆசையோடு வளர்க்கும் யெமன் நாட்டுப் பெண் பச்சோந்தி, ஆண் துணை எதுவுமின்றி, ஒரே வருடத்தில் மூன்றாவது தடவையாக முட்டையிட ஆயத்தமாகியிருந்தது. உணவைத் தொடாமல், பகலிலும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டின் அடியில் கிடக்கிறதாம். "பேராதனையில் படித்தவர்தானே மாமா, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

நான் படித்தது கலைப் பீடம். எனினும் அங்கேயே கால்நடை மருத்துவ பீடமும் உண்டு; அங்கு எனக்கொரு நண்பரும் உண்டு. அவரிடம் கேட்டபோது, ஒரு கணமும் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டு போகச் சொன்னார். கொண்டு போனார்கள். காலம் கடந்துவிட்டிருந்தது. வயிறு நிறைய முட்டைகளோடு அது இறந்துபோனது.

"என்ன பிழை செய்தோம்?" என்று பிள்ளை கேட்டான். அந்தக் கேள்விக்கான விடையைத் தேடியபோது நான் அறிந்தவற்றைப் பகிர்வதே இப்பதிவின் நோக்கம்.

கோழியைப் போலவே யெமன் பச்சோந்தியும் சேவலின்றி முட்டையிடும். ஒரு தடவைக்கு இருபது முட்டைகளும் இடலாம். எழுபதுக்கு மேலும் இடலாம். எத்தனை என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது வளர்ப்பவர் கைதான். பூச்சிகள் தட்டின்றிக் கிடைத்து, கூடும் அளவுக்கு மீறிச் சூடாக இருந்தால், 'இது செழிப்பான பருவம்' என்று அதன் உடல் நம்பிவிடுகிறது. முட்டைகள் பெருகுகின்றன. ஓட்டுக்கான கல்சியம் எலும்பிலிருந்து உருவப்படுகிறது. எலும்பு மெலிகிறது, தசை வலுவிழக்கிறது, ஈற்றில் முட்டையை வெளியே தள்ளவும் பலமில்லை. விற்ற கடைக்காரர் அவர்களுக்குச் சொன்ன ஒரே அறிவுரை, "கேட்கக் கேட்கக் கொடுங்கள்" என்பதுதான். அன்பு என்று எண்ணி ஊட்டியதே வினையாயிற்று.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. வளர்ந்த பெண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் சில பூச்சிகள் போதும். அவற்றில் கல்சியத் தூள் தூவ வேண்டும். அந்தக் கல்சியம் உடலிற் சேர விற்றமின் டி தேவை. அதற்குப் புறஊதாக் கதிர் தரும் விளக்கு வேண்டும். குளிர்காயும் இடத்தின் வெப்பம் 29 பாகை செல்சியஸைத் தாண்டாதிருப்பது நல்லது. எல்லாவற்றிலும் முக்கியமானது மண். ஏறக்குறைய ஓரடி ஆழத்துக்கு ஈரமணலும் மண்ணும் கலந்து, தோண்டினால் இடிந்து விழாதபடி கூட்டினுள் வைக்க வேண்டும். தோண்டத் தொடங்கியதும் அதை எட்டிப் பார்க்கக் கூடாது. மனித முகத்தைக் கண்டால் குழியைக் கைவிட்டு, முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். கூடு நிறையச் செடியும் விளக்கும் வாங்கிக் கொடுத்த அந்த வீட்டில், ஒரு வாளி மண் மட்டும் இருக்கவில்லை.

இதனைக் கண்டியிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இலங்கையின் உண்மையான பச்சோந்தி மன்னார், புத்தளம் போன்ற வறண்ட பகுதிகளுக்குரியது. எங்கள் மலைகளில் இல்லை. ஆனால் இங்கே அதைவிட அரிய உயிர்கள் இருக்கின்றன. மூக்கில் உருண்டையுடைய ஓணான் கன்னொறுவைக் காட்டில் வாழ்கிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரில் மட்டுமே வாழும் இலைமூக்கு ஓணான் ஒன்றுண்டு. அதே மலையில், முட்டையிடாமல் குட்டி ஈனும் குட்டை ஓணானும் உண்டு. அது தனியினம் என்று உலகம் அறிந்ததே 2006இல்தான். வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தையில் இவற்றுக்கு நல்ல விலை. சினையான பெண் ஒன்று அகப்பட்டால் கடத்துபவனுக்கு ஒரு தலைமுறையே அகப்பட்டதாகும்.

1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இவற்றுக்குக் காவலாக உள்ளன. 2019இல் சைட்டிஸ் மாநாடு கொழும்பில் நடைபெறவிருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளால் அது ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. அத்துயரின் நடுவிலும் இந்த ஓணான்களைச் சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கும் இலங்கையின் முயற்சி அங்கே வெற்றி பெற்றது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பெருகிவரும் யெமன் பச்சோந்தியே, இத்தனை கருவிகள் இருந்தும், முட்டையிட முடியாமல் இறக்கிறது. நக்கிள்ஸின் குளிரிலும் மூடுபனியிலும் வாழப் பழகிய உயிரைப் பெட்டியில் அடைத்து அனுப்புபவர்கள், அதன் வயிற்றிலுள்ள பிள்ளைகளுக்கு எந்த மண்ணைக் கொடுக்கப் போகிறார்கள்? வளர்க்க விரும்புபவர்கள், சட்டம் அனுமதிக்கும் இடத்தில், கூண்டிலேயே பிறந்த விலங்கை வாங்கி, அது தாயாகும் நாளுக்கும் சேர்த்து ஆயத்தம் செய்யட்டும். அதற்கு இயலாதவர்கள் வாங்காதிருப்பதே அறம் என்பது என் துணிபு.

நேற்று மழை விட்டபின் எங்கள் வீட்டுப் பூப்பாத்தியில் பெண் ஓணான் ஒன்று குழி தோண்டிக்கொண்டிருந்தது. முட்டையிட்டு, மண்ணை மூடி, தலையாலேயே அமுக்கிச் சமன்செய்துவிட்டுப் போயிற்று. மருமகளின் மகனை அழைத்துச் சொன்னேன். சற்றுநேரம் பேசாமலிருந்தவன், "நீங்கள் பார்த்ததை அது பார்க்கவில்லையே?" என்று கேட்டான். யன்னல் திரைக்குப் பின்னால்தான் நின்றேன் என்றேன்.