‘வந்த வரைக்குந்தான்’ என்று சொல்லாதீர்கள்

பலா மரத்திலிருந்து விழுந்தவரோ மோட்டார் சைக்கிளில் அடிபட்டவரோ, தலைக்காயத்தோடு வாரக்கணக்கில் நினைவின்றிக் கிடந்துவிட்டு லயத்துக்குத் திரும்புகிறார். கொஞ்சக் காலம் எல்லோரும் வந்து பார்க்கிறார்கள். பிறகு இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் ஒரு பேச்சு கிளம்பும்: “ஆறு மாசத்துல வராதது இனி வராது. வந்த வரைக்குந்தான்.” ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்ட நாளிலிருந்து, கைபிடித்து நடக்கப் பழக்கியவரும் நிறுத்திவிடுகிறார்.

ஆறு மாதம் என்பது எங்கிருந்து வந்தது? தலைக்காய ஆய்வுகள் பல அந்த நாளோடு கணக்கை மூடின. 2005இல் முடிவு வெளியான ‘கிராஷ்’ ஆய்வு 10,008 பேரைச் சேர்த்துக்கொண்டது. அவர்கள் நிலையைக் கடைசியாகப் பார்த்தது ஆறாவது மாதத்தில். ஆய்வு முடிகிற நாள் மூளை நின்றுவிடுகிற நாளாகாது.

முதல் மாதங்களில் வேகம் அதிகம், பின்பு குறையும் என்பது உண்மை. ஆனாலும் 2021இல் வெளியான அமெரிக்க ‘டிராக்-டிபிஐ’ ஆய்வைப் பாருங்கள். கடுமையான காயம்பட்டவர்களில், துணையின்றி வீட்டில் எட்டு மணி நேரமாவது இருக்கக்கூடியவர்கள் இரண்டாம் வாரத்தில் 12 சதவீதம். பன்னிரண்டாம் மாதத்தில் 52 சதவீதம். கண் திறந்தும் சுயநினைவற்றுக் கிடந்த 79 பேரில் 62 பேருக்கு ஓராண்டுக்குள் நினைவு திரும்பியது. அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிகளின் கணக்கு இது. கேகாலை மாவட்டத்துத் தெஹியோவிட்டைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த எட்டு மணி நேரத்தைக் கவனியுங்கள். மனைவி கொழுந்தெடுக்கப் போய் அன்றைய கூலிக்குப் பேர் போட்டுத் திரும்பும் நேரம் அது. ஒரு குடும்பத்துக்கு அடுப்பெரிவதே அதில் அடங்கியிருக்கிறது.

ஓராண்டுக்குப் பிறகும் கதவு அடைபடுவதில்லை. அமெரிக்காவின் டெரி வாலிஸ் 1984இல் விபத்தில் சிக்கி, 2003இல், பத்தொன்பது ஆண்டுகள் கழித்து ‘அம்மா’ என்றார். அவர் எழுந்து நடக்கவில்லை. இன்னும் 1984தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இது மிக அபூர்வம், எல்லாருக்கும் நடக்காது. ஆனால் 2018இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர்களின் வழிகாட்டுதல் ‘நிரந்தரம்’ என்ற சொல்லையே, கண் திறந்தும் சுயநினைவற்றுக் கிடக்கும் நிலைக்கு வேண்டாம் என்று நீக்கியது.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு பேச்சும் உண்டு: “நடக்கிறான், சாப்பிடுறான், வேலைக்குப் போக மட்டும் வலிக்குது.” எனக்கு அதிகம் கோபம் வருவது இதைக் கேட்கும்போதுதான். நெற்றிப் பக்க மூளை அடிபட்டால் தானாக எழுந்து ஒரு வேலையைத் தொடங்கும் திறன் போய்விடலாம். சுருக்கென்று கோபம் வரும். சற்று முன் சொன்னது மறக்கும். பத்து மணிக்கே களைப்பு அழுத்தும். வெளியில் காயம் தெரியாததால் சோம்பேறி என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. பிறகு மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள்.

“பாவம், ஒன்னும் செய்ய விடாதீங்க” என்பதும் சரியில்லை. செய்யச் செய்யத்தான் திரும்பும். விறகு அடுக்கட்டும், பீலியில் தண்ணீர் பிடிக்கட்டும், அரிசி அளக்கட்டும். தினமும் அதே நேரத்தில், ஒரு சமயத்தில் ஒரே வேலை. ஆனால் வலிப்பு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தள்ளியும் வரலாம். ஆகவே ரப்பர் மரத்தில் கத்தியோடு தனியே நிற்பது, மரமேறுவது, மோட்டார் சைக்கிள், சாராயம் நான்கும் வேண்டாம். வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவும் கூடாது.

“கொழும்புக்குப் போனாத்தான் முடியும்” என்பவர்களுக்கும் பாதி நியாயம் உண்டு. ராகமையில் புனர்வாழ்வு ஆஸ்பத்திரி இருக்கிறது. இரத்தினபுரியிலிருந்து போய்வர ஒரு நாள் முழுவதும் போகும், கூடப் போகிறவரின் பேரும் போகும். பேச்சுப் பயிற்சி தாய்மொழியில் நடக்கவேண்டும் என்பதையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஆனால் அங்கே கற்றுக்கொடுப்பதைத் தினமும் செய்ய வைப்பது லயத்துக் காம்பராவில்தான்.

அடுத்த கிளினிக்கில் “அப்படியேதான் இருக்கு, டொக்டர்” என்று சொல்லாதீர்கள். ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள்: எந்த நாள் சட்டைப் பொத்தானைத் தானே போட்டார், எந்த நாள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், எந்த நாள் உப்பு குறைவு என்று சண்டை பிடித்தார் என்று.