ஆலங்கட்டி அடித்த கார்: நஷ்ட ஈடு யாருக்குக் கிடைக்கும்?

பெங்களூரின் கோடை மழைக்கு ஒரு குணம் உண்டு. பகல் முழுவதும் வெயில் கொளுத்தும். மாலை நாலு மணிக்கு மேல் மேகம் கருத்து, அரைமணி நேரத்தில் ஊரையே புரட்டிப் போட்டுவிடும். மார்ச் முதல் மே வரை பெய்யும் இந்த இடிமழையோடு சில நாட்களில் ஆலங்கட்டியும் விழும். சென்னையிலிருந்து குடிவந்தவர்களுக்கு இது புதுமை. கன்னடத்தார் இதை "ஆலிகல்லு" என்பார்கள். பழந்தமிழிலும் இதற்கு "ஆலி" என்றே பெயர்.

2023 மே 21-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையில் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் ஒரு கார் மூழ்கி, அதிலிருந்த 22 வயதுப் பெண் உயிரிழந்தார். ஊரே அதைப் பற்றிப் பேசியது. பேச வேண்டியதும் அதுதான். அன்று நகரின் பல பகுதிகளில் ஆலங்கட்டியும் விழுந்தது. இப்படிப்பட்ட மழைக்கு மறுநாள் காலையில் தெருவோரம் நிற்கும் கார்களைப் பார்த்தால் தெரியும். கூரையிலும் பானெட்டிலும் அம்மை வடு போலக் குழிகள். சிலவற்றில் முன் கண்ணாடி விரிசல். கார் நிறுத்த ஷெட் உள்ளவருக்குக் கவலை இல்லை. அல்சூர், ஸ்ரீராமபுரம் சந்துகளில் காரைத் தெருவிலேயே விட்டுத் தூங்கும் டாக்சி டிரைவருக்குத்தான் கவலை.

"இன்ஷூரன்ஸ் இருக்கிறதே" என்று அவர் சொல்வார். எந்த இன்ஷூரன்ஸ் என்பதுதான் கேள்வி.

சட்டம் கேட்பது வேறு

1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு ஒரே ஒரு இன்ஷூரன்சைத்தான் கட்டாயமாக்குகிறது. அது "தேர்ட் பார்ட்டி" எனப்படும் மூன்றாம் நபர் காப்பீடு. கார் மோதி இன்னொருவருக்கு ஏற்படும் உயிர்ச்சேதத்துக்கும் பொருட்சேதத்துக்கும் அது பொறுப்பு. சொந்தக் காருக்கு வரும் சேதத்துக்கு அதில் ஒரு பைசாவும் இல்லை. வானத்திலிருந்து விழுந்த கட்டிக்கு மூன்றாம் நபர் யார்?

"ஓன் டேமேஜ்" எனப்படும் சொந்தச் சேதப் பகுதியும் சேர்ந்த முழு பாலிசி இருந்தால்தான் ஆலங்கட்டிக்கு நஷ்ட ஈடு உண்டு. வெள்ளம், புயல், சூறாவளி வரிசையில் ஆலங்கட்டி மழையும் அந்தப் பாலிசியில் பெயர் சொல்லியே இருக்கிறது.

குழப்பத்தை அதிகமாக்கியது 2018 செப்டம்பர் 1-ல் வந்த மாற்றம். அன்று முதல் புதுக் கார் வாங்குவோர் மூன்று வருடத்துக்கான மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாகக் கட்டவேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் வந்த ஏற்பாடு இது. விபத்தில் சிக்கியவர்களுக்கு நல்லதுதான். ஆனால் சொந்தச் சேதப் பகுதியை ஒரு வருடத்துக்கு மட்டும் எடுத்தவருக்கு, முதல் வருடம் முடிந்ததும் அது காலாவதியாகிவிடுகிறது. கையிலுள்ள தாளில் மட்டும் மூன்று வருடத் தேதி. போக்குவரத்துப் போலீஸ் பார்த்தாலும் சரி என்று விட்டுவிடுவார். ஆலங்கட்டி விழுந்த பிறகுதான் குட்டு வெளிப்படுகிறது. இரண்டு பகுதிகளின் முடிவுத் தேதியையும் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில், வாங்குபவருக்குத் தெரிந்த மொழியில் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

சரக்கு வண்டிக்காரர்களுக்கு இன்னொரு பொறி. முழு பாலிசி இருந்தாலும், விளக்கு, மட்கார்டு, பம்பர், பெயிண்ட் ஆகியவற்றின் சேதம் சரக்கு வண்டிகளுக்குச் சாதாரணமாகச் சேராது. வண்டியே முழு நஷ்டமானால்தான் சேரும். கூடுதல் பிரீமியம் கட்டி "ஐ.எம்.டி. 23" என்ற பிரிவைச் சேர்த்திருக்க வேண்டும். ஆலங்கட்டி முதலில் பதம் பார்ப்பது விளக்கையும் பெயிண்டையும்தானே!

கணக்குப் போட்டுப் பார்த்தால்

முழு பாலிசி உள்ளவருக்கும் பில் தொகை அப்படியே கைக்கு வருவதில்லை. ஆறு வருடம் ஓடிய, 1200 சி.சி. சொந்தக் கார் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பானெட் மாற்ற ரூ.10,000, முன் கண்ணாடி ரூ.8,000, பெயிண்ட் வேலை ரூ.20,000. மொத்தம் ரூ.38,000.

ஐந்து வருடம் தாண்டிய காரின் உலோக பாகத்துக்கு 40 சதவீதம் தேய்மானம், ரூ.4,000 போயிற்று. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. பெயிண்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் விலையாக வைத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள், ரூ.2,500 போயிற்று. 1500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு உரிமையாளர் ஏற்கவேண்டிய கட்டாயத் தொகை ரூ.1,000. ஆகக் கழிவு ரூ.7,500, கம்பெனி தருவது ரூ.30,500. தேய்மானம் கழிக்காத பாலிசியும் உண்டு. அதற்குப் பிரீமியம் அதிகம்.

கிளைம் கேட்டால் "நோ கிளைம் போனஸ்" போய்விடும் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். சொந்தச் சேதப் பிரீமியம் ரூ.8,000, போனஸ் 50 சதவீதம் என்று கொள்வோம். கிளைம் கேட்டதும் போனஸ் பூஜ்யமாகும். பிறகு கிளைம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50-க்கு வரும். பிரீமியம் மாறாவிட்டால், அதுவரை கூடுதலாகக் கட்டுவது ரூ.4,000, 2,400, 2,000, 1,200, 400, மொத்தம் ரூ.10,000. நாலைந்து சின்னக் குழிகளுக்கு ரூ.6,000 கிளைம் வாங்குபவர் உண்மையில் ரூ.4,000 இழக்கிறார். அவருக்குத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் கடையே மேல்.

டாக்சிக்காரருக்கு இதற்கு மேலும் ஒரு நஷ்டம். வண்டி பத்து நாள் ஒர்க்ஷாப்பில் கிடந்தால் அந்தப் பத்து நாள் வருமானத்தை இந்தப் பாலிசி தராது. பாங்குத் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

முதல் நாள் செய்யவேண்டியது

ஆலங்கட்டி கரைந்துவிடும். ஆகவே மழை விட்டதும், கட்டிகள் தரையில் கிடக்கும்போதே நம்பர் பிளேட் தெரியும்படி படம் எடுத்து, அன்றே கம்பெனிக்குத் தெரிவித்துவிடுவது நல்லது. சர்வேயர் பார்க்கும் முன் ரிப்பேர் வேலையைத் தொடங்கக்கூடாது. உடைந்த கண்ணாடியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி வைக்கலாம். குழிக்குள் துரு இருந்தால் பழைய அடி என்று சர்வேயர் ஒதுக்கிவிடுவார்.

தண்ணீர் புகுந்த காரை "ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று ஸ்டார்ட் செய்வது பெரும் தவறு. என்ஜினுக்குத் தனிப் பாதுகாப்பு எடுக்காதவருக்கு அந்தச் செலவை மறுக்கக் கம்பெனிக்கு அதுவே காரணமாகும்.

தகவல் கிடைத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்கவேண்டும், 15 நாளில் அறிக்கை பெறவேண்டும், அதன்பின் 7 நாளில் முடிவு சொல்லவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூன் மாதம் உத்தரவிட்டது. ஒரே மாலையில் நூற்றுக்கணக்கான கார்கள் அடிபடும்போது இந்தக் கெடுவுக்குத்தான் உண்மையான சோதனை.

தாமதமாகத் தெரிவித்தார் என்று மறுத்தால் சோர்ந்துவிட வேண்டாம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதை மட்டும் வைத்து கிளைமைத் தள்ளக்கூடாது என்று 2017-ல் ஒரு வாகனத் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் தரவேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மறுத்துவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். பெங்களூரிலேயே அலுவலகம் உண்டு. ரூ.50 லட்சம் வரையுள்ள கிளைம்களை விசாரிக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் புகார் போய்ச் சேரவேண்டும். மறுப்புக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் பத்திரமாக வைத்திருக்கவேண்டும்.