மரவள்ளியின் விஷமும் வடித்த நீரும்

ராயபுரத்திலும் திருவொற்றியூர்த் தேரடியிலும் தள்ளுவண்டிகளில் ஆவி பறக்க விற்கப்படும் மரவள்ளிக்கிழங்கு, துறைமுகத்திலும் ஆலைகளிலும் உடம்பை முறித்து உழைத்துத் திரும்புவோருக்குச் சொற்ப விலையில் வயிற்றை நிரப்பும் உத்தமமான ஆகாரம். ஆயினும் அதைப் பச்சையாகத் தின்னலாகாது என்றறிந்த நம் ஜனங்கள், அதன் விஷம் நீங்கும் விதத்தைப் பாதியளவே அறிந்திருக்கிறார்கள் என்பதே என் விசாரம்.

கிழங்கின் சதையில் லினமாரின் என்னும் பதார்த்தமும், அதைச் சிதைக்கவல்ல ஒரு நொதியும் தனித்தனியே ஒதுங்கியிருக்கின்றன. நறுக்கும்போதோ மெல்லும்போதோ இரண்டும் கலந்து, ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய விஷம் பிறக்கிறது. அது சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகுமாதலால், அடுப்பில் ஏற்றினால் எல்லாம் போயிற்று என்று நினைக்கத் தோன்றும். உண்மை அவ்வளவு எளிதன்று. கொதிக்கும் சூட்டில் நொதி முதலில் அழிந்துவிட, சூட்டுக்கு எளிதில் அசையாத லினமாரின் துண்டுகளிலேயே தங்கிவிடுகிறது. அதைக் கரைத்து வெளியேற்றுவது நீரே. ஆகையால் தோலை முழுவதும் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, ஊறவைத்து, ஏராளமான தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டுவது அவசியம். ஆவியில் அவிப்பதும், பச்சைச் சீவலை நேரே எண்ணெயில் இடுவதும் இப்பணியை அரைகுறையாகவே செய்கின்றன.

காய்கறியாக உண்ணப்படும் இனிப்பு ரகங்களில் சயனைடு பெரும்பாலும் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு உட்பட்டது. கசப்பு ரகங்களிலும், மழை பொய்த்த ஆண்டின் விளைச்சலிலும் அது மிகும். 1981இல் மொசாம்பிக் நாட்டின் வறட்சியில், கசப்புக் கிழங்கையே நம்பி, அதையும் சரிவரப் பக்குவம் செய்ய அவகாசமின்றி உண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ‘கோன்சோ’ என்னும் நோயால் கால்கள் விறைத்து முடமாயினர். சயனைடை உடல் மாற்றிக் கழிப்பதற்குப் புரதத்திலுள்ள கந்தகம் வேண்டும். கிழங்கிலோ புரதம் நூற்றுக்கு ஒன்று சொச்சமே. காசிமேட்டு மீனைக் குழம்பாக்கிக் கிழங்கோடு உண்பவர்களுக்கு அந்தத் துணை தட்டிலேயே கிடைத்துவிடுகிறது.

என்னை அதிகம் வருத்துவது தோல். சதையைவிட அதில் விஷம் அதிகம். சீவிய தோலைத் தெருவோரத்தில் குவித்துவிட்டுப் போகிறார்கள். தெருவில் திரியும் ஆடுகள் வந்து வாய்வைக்கின்றன. மிகுதியாகத் தின்ற ஆடு மூச்சிரைத்து, தள்ளாடி, சற்று நேரத்துக்குள் விழுந்துவிடக்கூடும். சோடியம் தயோசல்பேட் ஊசியுடன் கால்நடை மருத்துவர் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடுகிறது. ஓர் ஏழைக் குடும்பத்தின் சேமிப்பு அது.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தார் அமோனியா நெடியில் மூச்சுத்திணறி வீதிக்கு ஓடிவந்தபோது, அதைத் தடுக்கும் உபாயம் அவர்கள் கையில் இருக்கவில்லை. கிழங்கின் விஷமோ நம் அடுப்பங்கரைக்குள் அடங்கியது. மாநகராட்சி சந்தைதோறும் தோலுக்கென மூடியிட்ட தொட்டிகள் வைக்கட்டும்; உணவுப் பாதுகாப்புத் துறையினர் வண்டிக்காரர்களைத் தண்டிக்க வருமுன், இந்தப் பக்குவத்தை ஒருமுறை அவர்களுக்கு நேரில் செய்துகாட்டட்டும்.