தனியாரால்தான் முடிந்ததா?

உயர்கல்வியை அரசு கைகழுவிவிட்டுத் தனியாரிடம் ஒப்படைப்பதே நல்லது என்போர் முதலில் சுட்டிக்காட்டுவது தமிழ்நாட்டைத்தான். 1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளை அனுமதித்தது; அதனால்தான் கிராமத்துப் பிள்ளைகள் இன்ஜினியர் ஆனார்கள் என்கிறார்கள்.

பாதி உண்மை. இடங்களைப் பெருக்கியது தனியார்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இடங்களில் யார் சேரலாம் என்று தீர்மானித்தவை ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு, 69 சதவீத இடஒதுக்கீடு, நுழைவுத்தேர்வு ஒழிப்பு, முதல் பட்டதாரி கட்டணச் சலுகை ஆகியவை. அத்தனையும் அரசின் முடிவுகள். அந்தச் சலுகைப் பணத்தைத் தனியார் கல்லூரிக்குச் செலுத்துவதும் அரசுக் கருவூலமே. 2021-22-இல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. வெறும் மேனேஜ்மென்ட் கோட்டாவை வைத்து இந்த உயரத்தை எட்டியிருக்க முடியாது.

போட்டி வந்தால் தரம் உயரும் என்பது அடுத்த வாதம். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டு வந்ததைப் பாருங்கள்: ஒரே ஆசிரியர் ஒரே காலத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. பாடம் நடத்த ஆளில்லாத வகுப்புக்கு முழுக் கட்டணம் கட்டிய பெற்றோருக்கு யார் பதில் சொல்வது? போட்டி இங்கே ஆசிரியரைத் தேடவில்லை, ஆவணத்தைத் தேடியது. மருத்துவத்திலோ, 2023-இல் மேற்படிப்புக்கான நீட் தகுதி பெர்சென்டைலைப் பூஜ்யமாக்கினார்கள். பணமிருந்தால் மதிப்பெண் தடையில்லை என்ற நிலைக்கு நாமே கதவைத் திறந்துவிட்டோம்.

தனியார் நிர்வாகம் கச்சிதமானது, அரசு நிர்வாகம் ஓட்டை என்பார்கள். சிதம்பரத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அரசு மானியம் பெற்றாலும் நிறுவனர் குடும்பத்தின் பிடியில் இருந்தது. தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்து, சம்பளம் கொடுக்க முடியாமல் திணறியது. 2013-இல் தனிச் சட்டம் போட்டு அதை மீட்டது அரசு. மிகைப் பணியாளர்களை மாநிலமெங்கும் உள்ள அரசுக் கல்லூரிகளும் அலுவலகங்களும் ஏற்றுக்கொண்டன. அதன் பிறகும் அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிக்க ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள். மாணவர்கள் வாரக்கணக்கில் போராடிய பிறகே, 2021-இல் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறி, கட்டணம் 13,610 ரூபாய் ஆனது. அதே கட்டடம், அதே பாடம்.

கல்விக் கடன் இருக்கிறதே என்றால், ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி வழக்கமாகச் சொத்துப் பிணை கேட்கும். சொத்து இல்லாதவருக்குத்தானே கடன் தேவை?

அரசுக் கல்லூரிகள் ஒழுங்காக நடக்கின்றன என்று சொல்ல மாட்டேன். கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே வருடங்களைத் தள்ளுகிறோம். 2024-இல் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது, தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. இந்தக் குறையைக் காட்டித்தான் தனியார்மயத்தை விற்கிறார்கள். காலியிடங்களை நிரந்தர ஆசிரியர்களைக் கொண்டு நிரப்புங்கள். அதைச் செய்யாமல் அரசால் முடியாது என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.